டாங்கிள் வாங்கியாச்சு, இரைச்சல்தான் கேட்கிறது

கேள்வி: ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளை (கணினியை ரேடியோ ஆக்கும் சிறு யுஎஸ்பி கருவி) லேப்டாப்பில் செருகினேன். எஃப்எம் நிலையங்கள் தெளிவாகக் கேட்கின்றன. சர்வதேச விண்வெளி நிலையத்தைக் கேட்க ஆசைப்பட்டு 145.825 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் வெறும் இரைச்சல். மதுரையில் மொட்டைமாடி வீடு. எங்கே தப்பு?

பதில்: எஃப்எம் கேட்கிறது என்றால் டாங்கிளும் டிரைவரும் சரி. இன்னொன்று வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். ஆன்டெனாவையும் கெயினையும் (சிக்னலைப் பெருக்கும் அளவு) பாருங்கள்.

முதலில் ஆன்டெனா. 75-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். கம்பிக்கு அதில் 5 சதவீதம் குறையுங்கள். உங்களுக்கு 49 செ.மீ. அந்த நீளத்தில் விறைப்பான செம்புக் கம்பி இரண்டை எலக்ட்ரீஷியன்கள் போடும் ஸ்ட்ரிப் கனெக்டரில் செருகி, 120 டிகிரி விரித்து, பிவிசி குழாயின் உச்சியில் படுக்கைவாக்கில் கட்டுங்கள். டிவி கேபிளான ஆர்ஜி-6 போதும், 10 மீட்டருக்குள். கேபிளின் நடுக்கம்பி ஒரு செம்புக் கம்பிக்கு, அதைச் சுற்றியுள்ள உலோகப் பின்னல் மற்றதற்கு. அந்தப் பின்னல் பெரும்பாலும் அலுமினியம், ஈயம் ஒட்டாது. திருகில் இறுக்குங்கள். பின்னலின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் சிக்னல் செத்துவிடும்.

அடுத்தது கெயின். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். டாங்கிள் சிக்னலை 8 பிட்டில் அளக்கிறது, அதாவது 256 படிகள் மட்டுமே. பக்கத்து எஃப்எம் கோபுரம் அவற்றை நிரப்பிவிட்டால் மெல்லிய சிக்னலுக்கு இடமில்லை. தானியங்கி கெயினை அணைத்து, பூஜ்யத்திலிருந்து ஏற்றுங்கள். திரையின் அடிமட்ட இரைச்சல் எழத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். 145-இல் சினிமாப் பாட்டு கேட்டால் அது போலிச் சிக்னல். கெயினைச் சற்றுக் குறைத்ததும் சட்டென்று மறையும். நிஜமானது அந்த அளவுக்கே குறையும். போலி போகவே இல்லையென்றால் 88–108 எஃப்எம் தடுப்பு ஃபில்டர் போடுங்கள். எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர் இரண்டையும் அணைத்தும் பாருங்கள்.

ஹெவன்ஸ்-அபவ் இணையதளத்தில், விண்வெளி நிலையம் உங்கள் வானில் 40 டிகிரிக்கு மேல் ஏறும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மொத்தம் 10 நிமிடம்தான் கிடைக்கும். மென்பொருளில் நேரோ எஃப்எம் (குறுகிய எஃப்எம்) முறை, அகலம் 15 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். நிலையம் வேகமாக நெருங்கி விலகுவதால் ஏற்படும் டாப்ளர் விளைவால் சிக்னல் 145.8285-இல் உதித்து 145.8215-இல் மறையும். மலிவு டாங்கிள் சூடாகும்போது இன்னும் சில கிலோஹெர்ட்ஸ் விலகும் என்பதால் அரை மணி நேரம் முன்பே ஓட விடுங்கள்.

காவல்துறை, தனியார் பேச்சுகளை ஒட்டுக்கேட்க வேண்டாம். சட்டச் சிக்கல் வரும்.

நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது மனிதக் குரல் அல்ல, ஒரு நொடி அளவிலான ‘கிர்ர்’ என்ற டேட்டா வெடிப்புகள். ஒரு முறை வராவிட்டால் நிலையம் மீண்டும் 40 டிகிரிக்கு மேல் ஏறும் நேரத்துக்குக் காத்திருங்கள்.