மனநலம் பாதித்துத் தெருவில் திரிந்த எங்கள் ஆளைக் கேரளாவில் கன்னியாஸ்திரிகள் இல்லம் ஒன்று வைத்திருக்கிறது. நம்பலாமா?

நம்பலாம், ஆனால் போய்ப் பார்த்துவிட்டு நம்புங்கள். மதம் மாற்றிவிடுவார்கள் என்று சொந்தக்காரர்கள் உங்களைக் கலக்கியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான்.

என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். மாத்திரையை நிறுத்தியபின் ஒருநாள் கிளம்பிப் போனவர்தான், வருடக்கணக்கில் தகவலே இல்லை. கடைசியில் திருச்சூர்ப் பக்கமிருந்து போன் வந்தது. சடைபிடித்த தலையை மழித்து, காலில் புழு வைத்த புண்ணைக் கழுவிக் கட்டியது ஒரு வயதான சிஸ்டர். பெயர் கேட்டால் வாயே திறக்கமாட்டாராம். அண்ணாச்சி என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். ஊசியும் மாத்திரையும் பிடிக்க ஆரம்பித்தபின், சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு "சாத்தூர், நல்லி, கோவில்பட்டி" என்று ஸ்டாப்பிங் சொல்லத் தொடங்கியிருக்கிறார். தூத்துக்குடிப் பக்கத்து சிஸ்டர் ஒருவர் அதைக் காதில் வாங்கி, கோவில்பட்டியில் தெரிந்த பங்குத்தந்தையிடம் சொல்ல, அவர் பஸ் ஸ்டாண்டில் விசாரித்து எங்களைப் பிடித்தார்.

நாங்கள் போனபோது அண்ணன் நெற்றியில் விபூதி இருந்தது. அங்கே சமைக்கிற அம்மா கோயிலுக்குப் போகும்போது வாங்கி வந்து கொடுப்பாராம். காலையில் ஜெபம் உண்டு, விருப்பமுள்ளவர்கள் உட்காருகிறார்கள். அண்ணன் வெளித் திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருந்தார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கத்தோலிக்கர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று வரிந்துகட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு: நான் கழுகுமலை முருகனைக் கும்பிடுகிறவன். எல்லா இல்லமும் இப்படித்தான் என்றும் சொல்லவில்லை. கேரளாவில் ஜார்ஜ் குற்றிக்கல் என்ற பாதிரியார், தெருவில் திரிகிறவர்களைச் சேர்த்துப் பராமரிக்கிற ஆகாசப் பறவைகள் இயக்கத்தை 1994-இல் ஆரம்பித்ததிலிருந்து இப்படி நிறைய இல்லங்கள் வந்துவிட்டன. எது நல்லது என்பதை நேரில்தான் பார்க்க வேண்டும். மனநல மருத்துவர் வருகிறாரா, மருந்துச்சீட்டைக் காட்டுகிறார்களா, 2017 மனநலச் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். முக்கியமாக, குணமானவர்களை வீட்டுக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். சங்கிலியோ வெளிப்பூட்டோ கண்ணில் பட்டால், எந்த மதத்துக்காரர் நடத்தினாலும் அன்றைக்கே கூட்டி வந்துவிடுங்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடிக் காப்பகத் தீயில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்ததை மறக்க முடியுமா?

எனக்குக் கோபமெல்லாம் வேறு இடத்தில். அண்ணனைக் காணவில்லை என்று போனபோது "வளர்ந்த ஆள்தானே, வருவார்" என்று புகாரையே வாங்காமல் அனுப்பினார்கள் ஸ்டேஷனில். தெருவில் திரிகிற மனநோயாளியைக் கண்டால் காணாமல்போனவர் என்று வழக்குப் பதிந்து, குடும்பத்தைத் தேடுவது போலீஸின் கடமை என்று அதே 2017 சட்டத்தில் 100-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வேலையைச் செய்தது ஒரு சிஸ்டரும் ஒரு பங்குத்தந்தையும். ரேஷன் கார்டில் பெயரை எடுத்துவிட்டார்கள். திரும்பச் சேர்க்கப் போனால், இத்தனை வருடம் எங்கே இருந்தார் என்பதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். தெருவில் இருந்தவருக்கு யார் அத்தாட்சி கொடுப்பது?

அதனால், அழைத்து வரும்போது சேர்த்த தேதி, அனுப்பும் தேதி, கொடுத்த மருந்து எல்லாம் எழுதி, இல்லத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாத மாத்திரையும் சேர்த்துக் கேளுங்கள், தருவார்கள்.