மாத்திரையை நிறுத்திவிட்டு யோகாவுக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. ஈரோட்டில் இருக்கிறேன். ஒரு வருடமாக எதிலும் பிடிப்பில்லாமல், காரணமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தேன். மனநல மருத்துவர் இது மனச்சோர்வு என்று சொல்லி எஸ்சிட்டாலோபிராம் மாத்திரை கொடுத்தார். இரண்டரை மாதத்தில் அழுகை நின்றது, உற்சாகம் மட்டும் திரும்பவில்லை. என் மாமியார், "காலத்துக்கும் மாத்திரையா? யோகாவுக்குப் போம்மா" என்கிறார். யோகா மாஸ்டரோ, "நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியிலயே நிரூபிச்சுட்டாங்க, மாத்திரையை விட்டுடுங்க" என்றார். விட்டு நான்கு நாள் ஆகிறது. தலை கிறுகிறுக்கிறது, எரிச்சல் வருகிறது. காலை ஐந்தரை மணி வகுப்புக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. இதற்குக்கூட லாயக்கில்லையா நான்? தூக்கத்திலேயே போய்விட்டால் நல்லது என்றும் சில நாள் தோன்றுகிறது.

பதில்: அன்புச் சகோதரி, கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த எண்ணத்தை இன்றே உங்கள் கணவரிடமோ நீங்கள் நம்பும் வேறொருவரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். மருத்துவரிடமும் சொல்லுங்கள். மனச்சோர்வில் இப்படித் தோன்றுவது உண்டு, வெட்கப்பட எதுவுமில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அது கனத்தால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

அடுத்தது மாத்திரை. கிறுகிறுப்பைப் பார்த்து நோய் முற்றிவிட்டதோ என்று பயந்திருப்பீர்கள். இந்த வகை மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் பலருக்கும் இப்படி ஆகும். தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். சிலருக்குத் தலைக்குள் மின்சாரம் சுண்டியது போலவும் இருக்கும். இன்றே மருத்துவருக்கு ஃபோன் செய்து, "நாலு நாள் விட்டுட்டேன், எப்படித் திரும்ப ஆரம்பிக்கிறது?" என்று கேளுங்கள். திட்டுவாரோ என்று தயங்க வேண்டாம். காலத்துக்கும் சாப்பிட வேண்டியிருக்குமோ என்ற பயமும் வேண்டாம். முதல்முறை மனச்சோர்வு வந்தவர்களை, நன்றாகத் தேறிய பிறகு ஆறு முதல் ஒன்பது மாதம் தொடரச் சொல்வது வழக்கம். அப்புறம் மெதுவாகக் குறைத்து நிறுத்துவார்கள்.

மாஸ்டர் சொன்னது அநேகமாக 2000-ஆம் ஆண்டு வெளிவந்த பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாக இருக்கும். கடும் மனச்சோர்வோடு மருத்துவமனையில் சேர்ந்த, அதற்கு முன் சிகிச்சை எடுக்காத 45 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மின் அதிர்வுச் சிகிச்சை, ஒரு குழுவுக்கு இமிப்ரமின் என்ற பழைய மாத்திரை, ஒரு குழுவுக்கு சுதர்சன கிரியா மூச்சுப்பயிற்சி. நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது, குழுவுக்கு 15 பேரில் மின் சிகிச்சையில் 14 பேரும் மாத்திரையில் 11 பேரும் மூச்சுப்பயிற்சியில் 10 பேரும் தேறியிருந்தார்கள். வெறும் மூச்சுக்கு இவ்வளவு வலிமையா என்று எனக்கு இன்றும் வியப்புதான். ஆனால் அவர்கள் டாக்டர்களின் கண்பார்வையில் இருந்தவர்கள். தேறாத ஐந்து பேரைக் கவனிக்க அங்கே ஆள் இருந்தது. மாத்திரையில் பாதி தேறியிருந்த யாரிடமிருந்தும் அதைப் பறித்துப் பார்க்கவில்லை. மாஸ்டர் உங்களிடம் செய்யச் சொன்னது அதைத்தான். எனக்கு அதில் கோபம் உண்டு.

யோகா வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். அழுகை நின்றும் உற்சாகம் வராத இந்தக் கட்டத்தில்தான் அது நன்றாகக் கைகொடுக்கும். கனடாவின் மனநல வல்லுநர் குழு 2016-இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியில், லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கு மற்ற சிகிச்சையோடு சேர்த்து யோகாவைப் பரிந்துரைத்திருக்கிறது. 2024-இல் 218 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதும், நல்ல பலன் தந்த பயிற்சிகளில் நடைப்பயிற்சி, எடைப்பயிற்சியோடு யோகாவும் இருந்தது.

ஆனால் அந்த ஐந்தரை மணி வகுப்பு உங்களுக்கு இப்போது வேண்டாம். மனச்சோர்வு உள்ள பலருக்கு நாளின் மிகக் கனமான நேரமே விடியற்காலைதான். உடம்பு கல்லாய்க் கிடக்கும், சாயங்காலம் ஆக ஆகக் கொஞ்சம் இளகும். உங்களால் எழ முடியாதது இந்த நோயின் குணம். அதை வைத்து லாயக்கு இருக்கிறதா, இல்லையா என்று உங்களை நீங்களே எடை போடாதீர்கள். சாயங்கால வகுப்பு கேளுங்கள். இல்லையென்றால் வீட்டிலேயே பாய் விரித்து, பத்தே நிமிடம் போதும். மல்லாந்து படுத்துக் கால்களைச் சுவரில் சாய்த்து வையுங்கள். அப்புறம் கையும் முட்டியும் ஊன்றி, மூச்சை இழுக்கும்போது முதுகை இறக்கி, விடும்போது மேலே வளையுங்கள். எழுந்து நின்று, மூச்சோடு கைகளைத் தலைக்கு மேல் தூக்கி இறக்குங்கள். முடிவில் வண்டு போல ம்ம்ம் என்று முனகிக்கொண்டே மூச்சை நீளமாக விடும் பிராமரி, ஐந்தாறு முறை. முடியாத நாளில் பாயில் படுத்திருந்தால்கூடப் போதும், அதையும் கணக்கில் சேருங்கள்.

கண்ணை மூடி நெடுநேரம் தியானம் இப்போதைக்கு வேண்டாம். சும்மா இருக்கும் மனம் பழைய வருத்தத்தையே செக்கு மாடு போலச் சுற்றும். கபாலபாதி போன்ற வேகமான மூச்சுப்பயிற்சியையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். அளவுக்கு மீறிய குதூகலம், தூக்கமே தேவைப்படாத துறுதுறுப்பு எப்போதாவது உங்களுக்கு வந்ததுண்டு என்றால் அதையும் அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், சிகிச்சையே மாறும். தைராய்டு, ரத்தசோகை பரிசோதனை செய்யவில்லை என்றால் செய்துவிடுங்கள். இரண்டுமே இதே சோர்வைக் கொடுக்கும்.

மாஸ்டரிடம், "மாத்திரை சாப்பிட்டுக்கொண்டேதான் வருவேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு ஆசிரியரைத் தேடுங்கள். மாமியாரோடு சண்டை வேண்டாம். அவர் சொன்னதில் பாதி நல்ல யோசனை. சாயங்காலம் பாய் விரிக்கும்போது அவரையும் கூப்பிடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பிராமரி செய்யட்டும்.