பானை வேர்க்க வேண்டும்

அன்புள்ள ஐயா,

சென்ற வைகாசியில் எங்கள் தாத்தா காலமானார். ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரம்பூர் வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில், கோடைதோறும் நான்கு மண்பானைகளில் தண்ணீர் வைப்பார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து தேங்காய் நாரால் பானைகளைத் தேய்த்து, தண்ணீர் நிரப்பிவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுவார். அதைப் பற்றி எங்களிடம்கூடப் பேசியதில்லை. கோயிலுக்கும் அதிகம் போகமாட்டார். இந்தச் சித்திரையில் பேரப்பிள்ளைகள் பதினொரு பேரும் சேர்ந்து அவர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறோம். நீர்மோரும் உண்டு. பேனர் மாதிரியை இணைத்திருக்கிறேன். பெயர் போடுவதை அவர் விரும்பியிருப்பாரா? அவரைப் பக்திமான் என்று சொல்லலாமா?

ஒரு பேரன், பெரம்பூர்

அன்புள்ள தம்பி,

பக்திமானா என்று என்னைக் கேட்கிறீர்கள். நாலரை மணிக்கு எழுந்தவரைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

பெயர் விஷயத்தைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் என்றைக்கோ தீர்த்துவைத்துவிட்டார். நம் குன்றத்தூர்க்காரர்தான். திங்களூரில் அப்பூதியடிகள் தண்ணீர்ப் பந்தல் வைத்தபோது அதற்குத் தன் பெயரை வைக்கவில்லை. தான் ஒருமுறைகூடப் பார்த்திராத திருநாவுக்கரசர் பெயரை வைத்தார். பிள்ளைகளுக்கும் பசுக்களுக்கும் அளக்கிற படிக்கும்கூட அதே பெயர்தான். அந்த வழியாக வந்த திருநாவுக்கரசரே, ‘உம் பெயரை ஏன் வைக்கவில்லை?’ என்று கேட்டபோது, வந்தவர் யாரென்று தெரியாமல் அப்பூதியடிகளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆகவே, இன்னொருவர் பெயரை அன்போடு வைப்பதில் தப்பில்லை.

ஆனால் உங்கள் பேனர்? பத்துக்கு ஆறு அடியில், தாத்தா மூலையில் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருக்கிறார். கீழே பதினொரு பேரும் கைகூப்பிக்கொண்டு நிற்கிறீர்கள். இது யார் பெயரில் வைக்கிற பந்தல்? 2019இல் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண்ணின் உயிர் போன ஊர் இது. அந்த மாதிரியைக் கிழித்துப் போடுங்கள். ஒரு சிலேட்டில் தாத்தா பெயரைச் சாக்பீஸால் எழுதி மரத்தில் சாய்த்து வைத்தால் போதும்.

நாலரை மணிக்கு வருகிறேன். யாருக்கும் தெரியக் கூடாதென்று இருட்டில் செய்தார் என நினைக்கிறீர்கள். அது பாதிதான். மீதிப் பாதி பானையின் கணக்கு. பானைச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றின் வழியே நீர் கசிந்து, வெளிப்பக்கம் வந்து ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஊற்றியவுடன் குளிராது, நாலைந்து மணி நேரம் வேண்டும். நாலரைக்கு ஊற்றினால்தான் ஒன்பது, ஒன்பதரைக்குத் தொண்டைக்கு இதமாக இருக்கும். கடல்காற்று வந்துவிட்டால் ஈரம் ஏறிப் பானை மந்தமாகிவிடும். அதற்கு முன்னால் வீசுகிற காய்ந்த மேற்குக் காற்றில்தான் நன்றாக வேர்க்கும். இதெல்லாம் உங்கள் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஃபிட்டர் அல்லவா!

தேங்காய் நாரும் சும்மா இல்லை. போர் தண்ணீர் ஊற்றினால் பத்துப் பதினைந்து நாளில் பானையின் வெளிப்பக்கம் வெள்ளையாக உப்புப் பூக்கும். துளைகள் அடைபட்டுப் பானை வேர்க்காமல் நின்றுவிடும். அப்புறம் அது வெறும் மண் டப்பாதான். தினமும் உள்ளேயும் வெளியேயும் நாரால் தேய்க்க வேண்டும். சோப்பு படவே கூடாது. மண் அதைக் குடித்துவிட்டுத் தண்ணீரில் கக்கும். அழகுக்காகப் பெயின்ட் அடித்த பானை எதற்கும் ஆகாது. குழாய் வைத்த பானையானால் குழாய்க்குக் கீழே இரண்டு அங்குலத் தண்ணீர் எப்போதும் தேங்கும். அதைத் தினமும் கவிழ்த்துக் கொட்டாவிட்டால் பாசி பிடிக்கும். ஈரமணல் பரப்பி, பிரிமணை (வைக்கோல் வளையம்) வைத்து, அதன்மேல் பானையை வையுங்கள். சுவரை ஒட்டி வைக்காதீர்கள், சுற்றிலும் காற்று போக வேண்டும்.

அளவு? 20 லிட்டர் பானையில் 200 மில்லி டம்ளருக்கு நூறு டம்ளர் வரும். வெயிலில் வருகிறவர் ஒன்றோடு நிறுத்தமாட்டார், இரண்டு கேட்பார். ஐம்பது பேருக்கு ஒரு பானை என்று வையுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். இரண்டு புழக்கத்தில் இருக்கும்போது இரண்டு குளிர்ந்துகொண்டிருக்கட்டும். டம்ளரைப் பானைக்குள் விட யாரையும் அனுமதிக்காதீர்கள். நீளக் காம்புள்ள கரண்டியால் ஒருவர் மொண்டு ஊற்ற வேண்டும்.

மோருக்கு ஒரு லிட்டர் தயிரென்றால் நான்கு லிட்டர் தண்ணீர், நான்கு டீஸ்பூன் உப்பு. இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலையை நசுக்கித் துணியில் முடிந்து போடுங்கள். அவசரமாகக் குடிக்கிறவர் தொண்டையில் திப்பி சிக்காது. மொத்தமாகக் கரைத்தால் மதியம் ஒரு மணிக்குள் புளித்துவிடும், இரண்டு தடவையாகக் கரையுங்கள். மீனுக்குப் போடுகிற ஐஸ் பாரை உடைத்து மோருக்குள் போட்டுவிடாதீர்கள். அண்டாவுக்கு வெளியே சுற்றி வையுங்கள்.

இவ்வளவும் யாருக்கும் வரும். வராதது பதினோராம் நாள். இந்த ஊரில் சித்திரையில் திறக்கிற பந்தல்களைப் பாருங்கள். முதல் நாள் தர்ப்பூசணி, இளநீர், மாலை, போட்டோ. பத்தாம் நாள் பானை காய்ந்து கவிழ்ந்து கிடக்கும், பேனர் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் இருக்குமென்று நம்பிச் சைக்கிளை நிறுத்துகிற கேன்காரர், துப்புரவுத் தொழிலாளி, சாப்பாடு கொண்டுபோகிற பையன் மூவரும் கவிழ்ந்த பானையைப் பார்த்துவிட்டு மறுபடி வெயிலில் இறங்குவார்கள். பந்தலே இல்லாதிருந்தால் வேறெங்காவது கேட்டிருப்பார்கள். கத்திரி முடிந்ததென்று மூடிவிடாதீர்கள். 2003இல் சென்னையில் 45 டிகிரி அடித்தது மே மாதக் கடைசியில்தான். ஜூனில் முதல் நல்ல மழை பெய்கிறவரை பானை நிறைந்திருக்க வேண்டும்.

பதினொரு பேர் இருக்கிறீர்கள். எந்த நாள் நாலரைக்கு யார் என்று ஒரு தாளில் எழுதி, தாத்தா பானை வைத்த இடத்தில் ஒட்டுங்கள். காசு போடுகிறேன், வரமுடியாது என்கிறவர் பெயரை அடித்துவிடுங்கள்.

சித்திரைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பக்கத்திலேயே கொசப்பேட்டை. பானையை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நன்றாக வெந்தது, பொத்தென்றால் விரிசல். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு மண்வாசம் போகும்வரை இரண்டு மூன்று நாள் நிரப்பி நிரப்பிக் கொட்டுங்கள். கொட்டுகிற தண்ணீரை அந்த வேப்பமரத்துக்கு விடுங்கள்.