தோற்ற அணிக்கு எதற்குப் புள்ளி?

கேள்வி: என் மகள் அயர்லாந்தில் லிமரிக் நகரத்தில் நர்ஸ். அங்கே மன்ஸ்டர் ரக்பி டீமுக்குத் தீவிர ரசிகையாகிவிட்டாள். போன வாரம் டீம் தோற்றது. ஆனால் அவள், "பரவால்லம்மா, ஒரு பாயிண்ட் கெடச்சிருச்சு" என்கிறாள். தோற்றவர்களுக்கு எதற்குப் புள்ளி? அவளோடு பேசவாவது நானும் இந்த ஆட்டத்தைப் பார்க்க ஆசைப்படுகிறேன்.
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: சகோதரி, கோவிந்தாபுரத்தில் உட்கார்ந்துகொண்டு நானும் மன்ஸ்டர் ஆட்டம்தான் பார்க்கிறேன். கார்க்கில் நர்ஸாக இருக்கும் தம்பி மனைவி பழக்கிவிட்டது. கார்க், லிமரிக் இரண்டுமே மன்ஸ்டர் மாகாணம்தான்.

உங்கள் மகள் சொன்னது சரி. லீக் பட்டியலில் ஜெயித்தால் 4 புள்ளி, டிரா என்றால் 2. அதற்கு மேல் போனஸ் உண்டு. ஓர் ஆட்டத்தில் நான்கு ட்ரை, அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது, போட்டுவிட்டால் ஜெயித்தாலும் தோற்றாலும் 1 புள்ளி. 7 பாயிண்ட் அல்லது அதற்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றால் இன்னொரு 1. ஆட்டத்தில் ஒரு ட்ரைக்கு 5 பாயிண்ட், அதன்பின் உதைத்து கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் 2, ஆக 7. ஒரே மூச்சில் எட்டிப்பிடிக்கக்கூடிய தூரத்தில் தோற்றவர்களுக்குத்தான் அந்தப் புள்ளி. அதனால் 12 பாயிண்ட் பின்தங்கியிருக்கும் டீம்கூட, ஒரு ட்ரை போட்டால் வித்தியாசம் 7 ஆகிவிடும் என்று கடைசி நிமிடத்தில் உயிரைக் கொடுத்து ஆடும். நம் பக்கத்து செவன்ஸ் கால்பந்தில் மூன்று கோல் வாங்கியதும் கூட்டம் கலைந்துவிடும். இங்கே அப்படி எழுந்து போய்விடாதீர்கள்.

மன்ஸ்டர் ஆடும் லீகில் அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, இத்தாலி, தென்னாப்பிரிக்கா என்று 16 டீம்கள். ஒவ்வொன்றுக்கும் 18 ஆட்டம். முதல் எட்டு இடம் பிடிப்பவர்கள் காலிறுதிக்குப் போவார்கள். செப்டம்பர் கடைசியில் தொடங்கி ஜூன் வரை இழுக்கும் சீசன் இது. பிப்ரவரி, மார்ச்சில் ஆறு நாடுகள் போட்டிக்கு முக்கிய வீரர்கள் தேசிய அணிக்குப் போய்விடுவார்கள். சில வாரம் லீக் ஆட்டமே இருக்காது. இருந்தாலும் இளம் பையன்கள்தான் இறங்குவார்கள். எனக்கு அந்த ஆட்டங்கள் ரொம்பப் பிடிக்கும். இன்று பார்க்கும் பையன் இரண்டு வருஷத்தில் அயர்லாந்துக்கே ஆடுவான்.

2022-23 சீசனின் தொடக்கத்தில் மன்ஸ்டருக்குத் தோல்விமேல் தோல்வி. தட்டுத் தடுமாறி ஐந்தாம் இடம். அதனால் காலிறுதி, அரையிறுதி எல்லாமே வெளியூரில். டப்ளினில் லெய்ன்ஸ்டர் அணிக்கு எதிரான அரையிறுதியில் 15-13 என்று பின்தங்கி நின்றபோது, ஆட்டம் முடியச் சற்று முன் மன்ஸ்டரின் ஜாக் க்ரௌலி ஓடிக்கொண்டே பந்தைத் தரையில் தட்டி, கம்பங்களுக்கு நடுவே உதைத்தார். 3 பாயிண்ட். 16-15. நள்ளிரவு நெருங்கும் நேரம், நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. அப்புறம் இறுதி ஆட்டத்தில் கேப்டவுனில் ஸ்டார்மர்ஸ் அணியை 19-14 என்று வென்று கோப்பை. 2011-க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் கோப்பை அது.

குளிர்காலத்தில் நமக்கும் அங்குக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். அங்கே மாலை ஐந்தரை என்றால் நமக்கு ராத்திரி 11. கோடையில் 10 மணி. சனிக்கிழமை மத்தியானம் கொஞ்சம் தூங்கி எழுந்துகொள்ளுங்கள். லிமரிக்கின் தோமண்ட் பார்க் மைதானத்தில் யார் பந்தை உதைக்க நின்றாலும், எதிரணிக்காரராக இருந்தாலும், மொத்தக் கூட்டமும் வாயை மூடிக்கொள்ளும். மகள் அங்கிருந்து வீடியோ கால் போட்டால், அந்த நேரம் மட்டும் நீங்களும் பேசாதீர்கள்.