கைக்கடிகாரமும் சித்தி மகளின் கல்லூரிக் கட்டணமும்

வணக்கம். இரண்டு ஆண்டுகள் சேமித்த 8,000 வெள்ளியில் கைக்கடிகாரம் வாங்க நினைக்கும் வேளையில், கோலாலம்பூர் செந்தூலில் வாடகை வீட்டில் இருக்கும் உங்கள் சித்தி, தம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அல்லாடுகிறார், வாங்குவது தவறாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உழைத்துச் சேர்த்த பணத்தில் ஆசைப்பட்டதை வாங்குவது குற்றமன்று. ஆனால் முகமறியாத ஏழைகளின் பொதுவான துன்பமும், தீபாவளிதோறும் உங்களுக்கென்று முறுக்கு சுட்டு டின்னில் அடைத்துக் கொடுத்தனுப்பும் ஒருவரின் நெருக்கடியும் ஒரே எடை உடையவை அல்ல என்பது என் கருத்து. கடிகாரம் அடுத்த ஆண்டும் கடையின் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் (விலை ஏறியிருக்கும், அது வேறு கதை). கல்லூரிச் சேர்க்கைக்கோ கெடு உண்டு. முதல் பருவக் கட்டணத்தை, கடன் என்ற பேச்சே இல்லாமல், நேரே கல்லூரிக் கணக்கில் செலுத்திவிடுங்கள். கையில் கொடுத்தால் சித்தி கூச்சப்படுவார். மீதியைத் தொடாமல் கடிகாரத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: அங்கீகரிக்கப்பட்ட அறநிறுவனங்களுக்குத் தரும் நன்கொடைக்கு மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை வரிக்கழிவு கிடைக்கும், தங்கைக்குக் கட்டும் கட்டணத்துக்கு அது பொருந்தாது, ஆகவே அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.