கேள்வி பதில்: தொழில்நுட்ப ஆவணங்களை வகை பிரிப்பதும் பெயரிடுவதும்

கேள்வி (கடலூர் சிப்காட், ரசாயன ஆலை ஊழியர்): ஐயா, எங்கள் அலமாரியில் உள்ள எல்லாவற்றுக்கும் ‘மேனுவல்’ என்றே பெயர் எழுதியிருக்கிறது. வகை பிரிக்க எங்கிருந்து தொடங்குவது?

பதில்: படிப்பவர் அந்தக் கோப்பைத் திறக்கும் நேரத்தில் அவருக்கு என்ன தேவைப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். இரவு ஷிஃப்டில் இருக்கும் ஆபரேட்டருக்கு வால்வுகளை எந்த வரிசையில் திறக்க வேண்டும் என்பது மட்டும் போதும். புதிதாகச் சேர்ந்த டிரெய்னி, ரியாக்டரில் வெப்பம் ஏன் கூடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பராமரிப்புப் பிரிவினர் ஒரு பம்பின் அளவுகளை அட்டவணையில் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஐபிஎம் உருவாக்கி, 2005இல் ஓயாசிஸ் என்ற தரநிலை அமைப்பின் தரநிலையான ‘டிட்டா’ என்னும் ஆவண எழுத்து முறை, இந்த மூன்று தேவைகளையும் செயல்முறை, விளக்கம், குறிப்பு என்னும் தனித்தனி வகைகளாகவே வைத்திருக்கிறது. 2015இல் வந்த 1.3 பதிப்பில் பழுது நீக்கும் வகையும் சேர்ந்தது; ஆலைகளுக்கு மிகவும் பயன்படுவது அதுதான் என்பது என் எண்ணம்.

கேள்வி (அதே ஊழியர்): ரசாயனங்களின் பாதுகாப்புத் தகவல் தாளான எம்எஸ்டிஎஸ் இதில் எந்த வகை?

பதில்: குறிப்பு வகை. அதன் 16 பிரிவுகளையும் அவற்றின் வரிசையையும் ரசாயனங்களை வகைப்படுத்தி லேபிளிடுவதற்கான ஐநாவின் ஜிஎச்எஸ் முறை வகுத்துவிட்டது. இப்போதைய பெயர் எஸ்டிஎஸ். இதற்கு நீங்களாக வேறு பெயர் சூட்ட வேண்டாம்.

கேள்வி (புதுச்சேரி, மென்பொருள் நிறுவன எழுத்தாளர்): டானியேலே புரோசிடா உருவாக்கிய ‘டயாடாக்சிஸ்’ என்ற ஆவண வகைப்பாட்டு முறை நான்கு வகைகளைச் சொல்கிறதே, எதைப் பின்பற்றுவது?

பதில்: பயிற்சிப் பாடம், செய்வழிகாட்டி, குறிப்பு, விளக்கம் என்பவை அந்த நான்கு. டிட்டாவின் செயல்முறை வகையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது போன்றதுதான் இது, ஆனால் அந்தப் பிரிவு முக்கியமானது. பயிற்சிப் பாடத்தில், எதைச் செய்யப் போகிறோம் என்றே தெரியாத மாணவருக்கு எழுத்தாளர்தான் இலக்கைத் தீர்மானித்து, ஒவ்வொரு படியிலும் விளைவு கண்ணுக்குத் தெரியும்படி அழைத்துச் செல்ல வேண்டும். செய்வழிகாட்டியைத் திறப்பவரோ தன் இலக்கைத் தெரிந்தே வருகிறார். அவரிடம் அடிப்படைகளை விளக்கிக்கொண்டிருந்தால் பக்கத்தை மூடிவிடுவார்.

கேள்வி (சேதராப்பட்டு, மருந்து நிறுவன ஊழியர்): எஸ்ஓபி (நிலையான செயல்முறை ஆவணம்), பணிக் குறிப்பு, பேட்ச் ரெக்கார்டு (ஒவ்வொரு தொகுதி உற்பத்தியின் பதிவு) ஆகியவற்றை எப்படிப் பிரிப்பது? யாரும் எங்களுக்குத் தெளிவாகச் சொன்னதில்லை.

பதில்: ஒரு வேலையை யார், எப்போது, யாருடைய பொறுப்பில் செய்ய வேண்டும் என்பதை எஸ்ஓபி சொல்லும். அந்த வேலையை ஓர் இயந்திரத்தில் படிப்படியாகச் செய்யும் விதம் பணிக் குறிப்பில் வரும். பேட்ச் ரெக்கார்டு இவற்றிலிருந்து வேறுபட்டது: நிரப்பாத படிவமாக இருக்கும்வரை அது பதிப்பு எண்ணுடன் திருத்தப்படும் ஆவணம், நிரப்பிக் கையெழுத்திட்ட பிறகு நடந்ததற்கான சான்று. சான்றைத் திருத்தி எழுதக் கூடாது. பிழை இருந்தால் பழைய எழுத்து தெரியும்படி ஒற்றைக் கோடிட்டு, சரியானதை எழுதி, காரணம், கையொப்பம், தேதி இட வேண்டும். தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 தரநிலையின் 2015 பதிப்பு ஆவணம், சான்று இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினாலும், பராமரிக்க வேண்டியவை, பத்திரப்படுத்த வேண்டியவை என்ற வேறுபாட்டை விடவில்லை.

கேள்வி (கடலூர், கல்லூரி மாணவி): கோப்பின் பெயரில் எவையெல்லாம் இருக்க வேண்டும்?

பதில்: பொருளின் குறியீடு, ஆவண வகை, வரிசை எண், பதிப்பு ஆகிய நான்கும் போதும். துறையின் பெயரைச் சேர்க்காதீர்கள், ஏனெனில் துறைகள் அடிக்கடி இணைக்கப்படுகின்றன, பிரிக்கப்படுகின்றன. ‘இறுதி’, ‘இறுதி புதியது’ போன்றவற்றுக்கும் இடம் கொடுக்க வேண்டாம். அந்த வேலையைப் பதிப்பு எண்ணே செய்துவிடும்.