தரங்கம்பாடிக் கோட்டை படம்: பழைய எட்சிங் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி (பொறையாறு): ஐயா, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை படம் ஒன்று இருந்தது. அசல் எட்சிங்தானா?

பதில்: நகைக்கடைக்காரர் கல் பார்க்கும் லென்ஸை இரவல் வாங்கி, படத்தின் வானத்தில் வைத்துப் பாருங்கள். புள்ளிகள் வரிசையாக நின்றால் அது பிற்கால அச்சகப் படம். கோடுகள் தெரிந்தால் தாளைச் சாய்த்துப் பிடியுங்கள். படத்தைச் சுற்றி லேசாக அமுங்கிய சதுரம் இருக்கிறதா? செப்புத் தகடு அழுத்திய தடம் அது. எட்சிங் என்பது இதுதான்: தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போடுவார்கள். அரித்த பள்ளத்தில் மை நிரப்பி, ஈரத்தாளை மேலே வைத்து உருளையில் அழுத்துவார்கள். கோட்டின் முனை மழுங்கியிருந்தால் எட்சிங். கூராக முடிந்தால் உளியால் செதுக்கியது.

கேள்வி (அவரே): கோயில் பக்கமிருந்து பார்க்கிற மாதிரி வரைந்திருக்கிறார்கள். ஆனால் கடல் வலப்பக்கம் வருகிறதே, போலியா?

பதில்: அதனாலேயே போலி என்று தள்ளிவிடாதீர்கள். மாசிலாமணிநாதர் கோயில் பக்கமிருந்து கோட்டையைப் பார்த்தால் கடல் இடக்கைப் பக்கம்தான். தகட்டில் கீறியது தாளில் கண்ணாடி பிம்பமாக விழும். வேறொரு படத்தைப் பார்த்து அப்படியே கீறியவர் திருப்பிப் போட மறந்தால் கடல் மாறிவிடும். அடியில் இடது ஓரத்தில் 'டெல்' (del) என்றிருந்தால் அது வரைந்தவர் பெயர். வலது ஓரத்தில் 'ஸ்கல்ப்' (sculp) என்றிருந்தால் தகட்டில் செதுக்கியவர் பெயர். ஓவியர் யார் என்று தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (மயிலாடுதுறை): தரங்கம்பாடியில் டேனிஷ் ஆளுநராக இருந்த ஒருவரே ஓவியராமே?

பதில்: ஆமாம், பீட்டர் ஆங்கர். 1788 முதல் 1806 வரை இருந்தார். அவர் வரைந்தவை நீர்வண்ணப் படங்கள். இப்போது ஆஸ்லோவில் இருக்கின்றன.

கேள்வி (நாகூர்): எங்கள் வீட்டுப் படத்தில் நாகப்பட்டினக் கடற்கரையில் உயரமான கோபுரம் நிற்கிறது. அப்படி எதுவும் இங்கே இல்லையே, அண்ணா?

பதில்: இருந்தது, தம்பி. புதுவெளிக் கோபுரம், சீனக் கோபுரம் என்றெல்லாம் சொன்னார்கள். 1846-ல் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்: மூன்று நிலை, நாற்புறம், சாந்தில்லாமல் நெருக்கி அடுக்கிய செங்கல், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு திறப்பு. 1867-ல் இடித்துவிட்டார்கள். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. உங்கள் படத்தில் நிலைகளை எண்ணிப் பாருங்கள். பொருந்தினால், இன்று இல்லாத ஒரு கட்டடத்தின் சாட்சி உங்கள் கையில் இருக்கிறது.

கேள்வி (பொறையாறு): லேமினேஷன் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. ஓரத்தையும் வெட்டாதீர்கள், அந்தத் தகட்டுத் தடம் போய்விடும். அமிலமில்லாத அட்டைக்கு நடுவே வைத்து, ஐப்பசி மழை ஓதமேறும் சுவரில் மாட்டாமல் உள்ளறையில் வையுங்கள்.